போர்க்கால ஆதரவு: மொத்தமாகவா, சில்லறையாகவா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். “நாடு போரில் இறங்கிய பிறகு குடிமக்கள் அரசின் பின்னால் நிற்கத்தான் வேண்டும், கேள்வியெல்லாம் போர் முடிந்த பிறகு என்கிறார்கள் என் நண்பர்கள். எனக்கோ இந்தப் போர் தொடங்கிய காரணத்திலேயே சந்தேகம். ஆனால் என் தம்பி படையில் இருக்கிறான். நான் எதிர்த்துப் பேசினால் அது அவனுக்குச் செய்யும் துரோகமா?” எந்த நாடு, எந்தப் போர் என்று கேட்டவர் எழுதவில்லை. ஒரு வகையில் நல்லதுதான். பெயரைச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் பதிலைப் படிக்கும் முன்பே கட்சி பிரிந்திருப்பார்கள்.

என் பதில் இது: ஆதரவை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், சில்லறையாகக் கொடுங்கள். போரைத் தொடங்கியது சரியா, அதை நடத்துகிற முறை சரியா, அதைப் பற்றி அரசு சொல்வது உண்மையா, களத்தில் நிற்பவனுக்குச் சோறும் மருந்தும் போய்ச் சேர்கின்றனவா, எப்போது நிறுத்துவது, எல்லாமே தனித்தனிக் கணக்கு. ஒன்றுக்கு ஆம் சொல்லிவிட்டு இன்னொன்றுக்கு இல்லை என்று சொல்லலாம். ‘ஆதரிக்கிறாயா, எதிர்க்கிறாயா’ என்று ஒற்றை வரியில் கேட்பவர் இத்தனை கணக்கையும் ஒரே பக்கத்தில் எழுதி மூடப் பார்க்கிறார். அரசும் அப்படிக் கேட்கும், அரசின் பரம எதிரிகளும் அப்படித்தான் கேட்பார்கள்.

இந்த வழக்கில் இரண்டு பக்கமும் நின்ற ஒரு மனிதர் உண்டு, ஆபிரகாம் லிங்கன். 1846இல் அமெரிக்கா மெக்சிகோவோடு போருக்குப் போனது. அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தப்பட்டது என்று அதிபர் போல்க் காரணம் சொன்னார். சண்டை மூண்ட இடமோ இரண்டு ஆறுகளுக்கு நடுவே இரு நாடும் உரிமை கொண்டாடிய நிலம். 1847 டிசம்பரில் பிரதிநிதிகள் சபைக்குப் புதிதாக வந்த லிங்கன், ரத்தம் சிந்திய அந்த இடம் எது, அது அப்போது யாருடைய மண்ணாக இருந்தது என்று அதிபரைக் கேட்கும் தீர்மானங்களைக் கொண்டுவந்தார். போர் இன்னும் முடியவில்லை. அடுத்த மாதமே, இந்தப் போரை அதிபர் தேவையில்லாமலும் அரசியல் சட்டத்துக்கு மாறாகவும் தொடங்கினார் என்று சொன்ன ஒரு திருத்தத்துக்கு வாக்களித்தார். அது 85க்கு 81 என்று நிறைவேறியது. ‘இடம் எது, இடம் எது’ என்று கேட்ட குற்றத்துக்கு அவருக்கு ‘ஸ்பாட்டி லிங்கன்’ என்று பட்டப்பெயர் கிடைத்தது. ஆனால் களத்தில் இருக்கும் படைக்குச் செலவுப்பணம் ஒதுக்கும் மசோதாக்களை அவர் ஆதரித்தே வாக்களித்தார். நான் சில்லறை என்று சொல்வது இதைத்தான்.

பதினைந்து வருடம் கழித்து அதே லிங்கன் அதிபர் நாற்காலியில் இருக்கிறார், உள்நாட்டுப் போர் நடக்கிறது. ஒஹாயோ மாநிலத்தின் அரசியல்வாதி வல்லாண்டிகம் போரை எதிர்த்து மேடையில் பேசுகிறார். 1863 மே மாதம் ராணுவம் அவரைக் கைதுசெய்து ராணுவ விசாரணைக் குழுவின் முன் நிறுத்திச் சிறைத்தண்டனை கொடுக்கிறது. லிங்கன் அதை மாற்றி, எதிரிகளான தென் மாநிலங்களின் எல்லைக்குள் கொண்டுபோய் விடச் சொன்னார். கண்டனங்கள் கிளம்பியபோது அவர் எழுதிய பதிலில் ஒரு கேள்வி உண்டு: படையை விட்டு ஓடும் விவரமறியாத பையனை நான் சுட வேண்டும், அவனை ஓடத் தூண்டும் தந்திரக்காரரின் தலைமயிரைக்கூடத் தொடக் கூடாதா? நல்ல கேள்வி. இன்றைக்கும் எனக்கு இதற்கு முழுத் திருப்தியான பதில் இல்லை. நீதிமன்றம் ஒரு பகுதிக்குப் பதில் சொன்னது. மில்லிகன் என்ற இன்னொருவரின் வழக்கில், சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் குடிமக்களை ராணுவம் விசாரிக்கக் கூடாது என்று 1866இல் தீர்ப்பானது. எழுதியவர் டேவிட் டேவிஸ், லிங்கனின் நெடுநாள் நண்பர், லிங்கனே நியமித்த நீதிபதி. ஆனால் அதற்குள் போர் முடிந்து, லிங்கனும் கொல்லப்பட்டிருந்தார். போர்க்காலத்தில் பறிபோகும் உரிமைக்கு நியாயம் பெரும்பாலும் இப்படித்தான் தாமதமாக வந்து சேர்கிறது.

உங்கள் நண்பர்களின் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அதில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, உள்ளே பிளவு தெரிந்தால் எதிரி இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துப் பார்க்கலாம் என்று நினைப்பான், அந்தக் கொஞ்ச நாளில் சாகப்போவது நம் ஆட்கள். இது உண்மை. இரண்டு, அரசுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். 1964 ஆகஸ்ட் மாதம் டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாம் முறையாகத் தாக்கப்பட்டன என்று அதிபர் ஜான்சன் அறிவித்தார். வியட்நாமில் ராணுவ நடவடிக்கைக்கு அனுமதி தரும் தீர்மானம் கீழ்ச்சபையில் 416க்குப் பூஜ்யம் என்றும், செனட்டில் 88க்கு 2 என்றும் நிறைவேறியது. அந்த இரண்டாம் தாக்குதல் நடக்கவே இல்லை. எதிர்த்து வாக்களித்த செனட்டர்கள் மோர்ஸ், குரூனிங் இருவரும் 1968 தேர்தலில் பதவி இழந்தார்கள். 2003இல் ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்றார்கள், ஆட்சியைப் பிடித்துச் சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. அரசுக்கு நம்மைவிட அதிகம் தெரியும் என்பது சரிதான். அதில் எவ்வளவை, எந்த உருவில் நமக்குக் காட்டுவது என்று முடிவு செய்வதும் அரசுதான் என்பதை நண்பர்கள் மறந்துவிடுகிறார்கள். போருக்கு முந்தைய வாரங்களில் வருகிற ‘ரகசியத் தகவல்’ எனக்கு எப்போதுமே உறுத்தும். நமக்குச் சம்மதம் வர வேண்டிய அளவுக்கு மட்டும் அந்த ரகசியம் கசியும்.

இனி முதல் வாதம், எதிரிக்குத் தெம்பு. இதற்கு 1940 மே மாதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நார்வேயில் ஜெர்மானியரோடு மோதிய பிரிட்டிஷ் படை சொதப்பிவிட்டுத் திரும்புகிறது. மே 7, 8 தேதிகளில் நாடாளுமன்றத்தில் விவாதம். பிரதமர் சேம்பர்லேனின் சொந்தக் கட்சிக்காரரான லியோ ஏமரி எழுந்து, மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் கிராம்வெல் ஒரு நாடாளுமன்றத்தைப் பார்த்துச் சொன்ன சொற்களைத் தன் பிரதமரைப் பார்த்துச் சொல்கிறார்: கடவுளின் பெயரால் கேட்கிறேன், போய்விடுங்கள். படைச் சீருடையோடு வந்த இளம் உறுப்பினர்கள் சிலர் தங்கள் அரசுக்கு எதிராக வாக்களிக்கப் போனார்கள். அரசு 281க்கு 200 என்று ஜெயித்தது. வழக்கமாக இருநூறுக்கு மேல் இருக்கும் பெரும்பான்மை 81 ஆகச் சுருங்கியதால், அந்த ஜெயமே தோல்வியாகிவிட்டது.

மே 10 காலையில் ஹிட்லரின் படை ஹாலந்துக்குள்ளும் பெல்ஜியத்துக்குள்ளும் புகுந்தது. இவ்வளவு பெரிய ஆபத்தில் பிரதமரை மாற்றலாமா, நான் இருந்துவிடுகிறேனே என்று சேம்பர்லேனுக்கு ஒரு யோசனை வந்தது. அவருடைய நெருங்கிய சகா கிங்ஸ்லி வுட், ஆபத்து பெரிதாகிவிட்டதால்தான் நீங்கள் உடனே போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்று மாலை சர்ச்சில் பிரதமர். (நார்வேச் சொதப்பலில் கடற்படை அமைச்சராகச் சர்ச்சிலுக்கும் பங்கு உண்டு, விவாதத்தில் அரசுக்காகப் பேசியவரும் அவர்தான். வரலாறு நியாயமாகத்தான் பரிசு கொடுக்கும் என்றில்லை.) பிரிட்டன் அந்தப் போரில் பிழைத்ததற்குப் பல காரணங்கள். போர் நடுவே பிரதமரைக் கேள்வி கேட்டு இறக்கிய அந்த இரண்டு நாளும் அவற்றில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். நண்பர்களின் யோசனைப்படி நடந்திருந்தால் சேம்பர்லேன் நீடித்திருப்பார்.

நம் மொழியில் இதற்கு இன்னும் பழைய ஆள் இருக்கிறார். ஆவூர்க் கோட்டையைச் சோழன் நலங்கிள்ளி முற்றுகையிட்டிருக்கிறான். உள்ளே அதே குடியைச் சேர்ந்த நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு கிடக்கிறான். யானைகள் குளிக்க வழியின்றி, தீனியின்றி நிலத்தில் புரள்கின்றன, பிள்ளைகள் பாலின்றி அழுகின்றன, வீடுகளில் தண்ணீர் இல்லை. புலவர் கோவூர்கிழார் இதையெல்லாம் நெடுங்கிள்ளியின் முகத்துக்கு நேரே அடுக்கிவிட்டு, அறம் தெரிந்தவன் என்றால் கோட்டை உன்னது என்று எதிரிக்குத் திறந்துவிடு, மறம் உடையவன் என்றால் போரிடத் திற, இரண்டுமில்லாமல் மதிலுக்குள் ஒடுங்கிக் கிடப்பது வெட்கக்கேடு என்கிறார். அவர் போரை ஆதரித்தாரா, எதிர்த்தாரா? அந்தக் கேள்வியே அங்கே பொருந்தவில்லை பாருங்கள். மக்கள் படுகிற பாட்டைச் சொன்னார், முடிவெடு என்றார்.

கூட்டத்தின் உற்சாகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தனியாக நிற்பவருக்குத் தன் மேலேயே சந்தேகம் வருவது அங்கேதான். 1982 மார்ச் 30 அன்று அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸில், மே சதுக்கத்தை நோக்கி ராணுவ ஆட்சிக்கு எதிராகத் தொழிலாளர்கள் ஊர்வலம் போனார்கள். தடியடி, கண்ணீர்ப்புகை, ஏராளமான கைதுகள். ஏப்ரல் 2 அன்று ராணுவம் பிரிட்டன் வசமிருந்த பால்க்லாந்து தீவுகளில் இறங்கியது. அர்ஜென்டினாவில் அவற்றுக்குப் பெயர் மால்வினாஸ். செய்தி பரவியதும் அதே சதுக்கத்தில் கூட்டம் பொங்கி வழிந்தது. இந்த முறை வாழ்த்தொலி. இடையில் மூன்றே நாள். விலைவாசி குறையவில்லை, ஆட்சியாளர்கள் பிடித்துக்கொண்டுபோய்க் காணாமல் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை, ஆட்சியிலும் அதே தளபதிகள்தான். ஜூன் 14 அன்று தீவில் இருந்த படை சரணடைந்தது. அர்ஜென்டினா தரப்பில் 649 பேர் இறந்திருந்தார்கள், சரியான பயிற்சிகூட இல்லாத கட்டாயப்படைப் பையன்கள் அவர்களில் நிறைய. சில நாளில் அதிபர் கால்ட்டியேரி பதவியிழந்தார், அடுத்த ஆண்டு தேர்தல் வந்தது.

சதுக்கத்தில் கைதட்டியவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். தீவுகள் தங்களுடையவை என்ற நம்பிக்கை அவர்களிடம் உண்மையாகவே இருந்தது, ஆட்சியை வெறுத்தவர்கள் பலரிடமும் இருந்தது. அந்த ஒரு கணக்கில் வந்த ஆம், எல்லாக் கணக்கிலும் ஆம் என்று வரவு வைக்கப்பட்டதுதான் நடந்த மோசடி.

எதிர்ப்பவர்கள் மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. 1939இல் ஹிட்லரும் ஸ்டாலினும் உடன்பாடு செய்துகொண்டதும், பிரிட்டன், பிரான்ஸ் உட்படப் பல நாடுகளின் கம்யூனிஸ்ட் கட்சிகள் இது ஏகாதிபத்தியப் போர் என்று எதிர்த்தன. 1941 ஜூன் மாதம் ஜெர்மனி சோவியத் யூனியனுக்குள் நுழைந்ததும் அதே போர் மக்கள் யுத்தமாகிவிட்டது. குண்டு விழுகிற ஊர் மாறவில்லை, மாஸ்கோவின் வசதி மாறியிருந்தது. கட்சியில் மனசாட்சியோடு தவித்தவர்களும் இருந்தார்கள், ஆனால் கட்சியின் எதிர்ப்பு இரவல் எதிர்ப்பு. ஆகவே எதிர்க்கும் முன் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: இதே காரியத்தை எனக்குப் பிடித்த கட்சி ஆட்சியில் இருந்து செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? ஆதரவாளர்களும் இதே சோதனையைச் செய்துகொள்ளலாம். யாரும் செய்வதில்லை என்பது வேறு கதை.

எது எல்லை மீறல் என்று சிலர் கேட்கக்கூடும். படை நகர்வையும் கப்பல் கிளம்பும் நேரத்தையும் எதிரிக்குத் தெரியவைப்பது, தளவாடத்தைக் கெடுப்பது, எதிரியின் கூலிக்குப் பேசுவது, இவை எதிர்ப்பில் சேராது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தயக்கம் அடுத்த படியில்தான் வருகிறது, அரசுகள் அந்த எல்லைக்கோட்டை எப்போதும் நம் பக்கம் தள்ளியே போடும். முதல் உலகப்போரில் அமெரிக்காவில் ஷெங்க் என்பவர் கட்டாயப்படைச் சேர்ப்பை எதிர்த்துத் துண்டறிக்கை அனுப்பினார். அதில் இருந்தது, சட்டத்தை நீக்கும்படி மனுப் போடுங்கள் என்கிற மாதிரியான பேச்சு. அரங்கில் பொய்யாகத் தீ தீ என்று கத்துவதைப் பேச்சுரிமை காப்பாற்றாது என்ற புகழ்பெற்ற உவமையை உச்ச நீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் 1919இல் எழுதியது இந்த வழக்கில்தான். இன்றைக்கும் யார் வாயையாவது அடைக்க வேண்டுமென்றால் இந்தத் தீயைக் கொண்டுவருவார்கள். அன்று கத்தியவரும் இல்லை, அரங்கும் இல்லை, தபாலில் போன காகிதம் அது. அதே மாதம், போரை எதிர்த்த ஒரு மேடைப்பேச்சுக்காக சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்குக் கிடைத்த பத்தாண்டு சிறையையும் அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. அவர் 1920 அதிபர் தேர்தலில் சிறைக்குள்ளிருந்தே நின்று ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் வாங்கினார். ஷெங்க் வழக்கின் அளவுகோலை உச்ச நீதிமன்றமே 1969இல் கைவிட்டது.

பேசினால் தலை போகும் நாட்டில் இருப்பவருக்கு இந்தப் பதிலின் பாதி பொருந்தாது. 1943 பிப்ரவரி 18 அன்று மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஷோலும் தங்கை சோஃபியும் ஹிட்லர் ஆட்சியை எதிர்க்கும் துண்டறிக்கைகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து வகுப்பறை வாசல்களில் வைத்தார்கள். மீந்தவற்றைச் சோஃபி மாடி விளிம்பிலிருந்து கீழே முற்றத்தில் தள்ளிவிட்டாள். பல்கலைக்கழகப் பணியாள் ஒருவர் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார். நாலாம் நாள் இருவரின் தலையும் வெட்டப்பட்டது. அவர்களைப் போல நீயும் செய் என்று இன்னொருவரிடம் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அந்தப் பணியாளைப் போலச் செய்யாதே என்று சொல்லலாம். கொடுங்கோல் ஆட்சியில் குடிமகனிடம் கேட்கக்கூடிய குறைந்தபட்சம் அதுதான்: பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக் கொடுக்காமல் இருப்பது, கைதட்டச் சொல்லும்போது எவ்வளவு மெதுவாகத் தட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாகத் தட்டுவது.

இனி உங்கள் தம்பி.

படையில் இருப்பவனுக்கே இந்தச் சில்லறைக் கணக்கு உண்டு. டெஸ்மண்ட் டாஸ் என்ற அமெரிக்கர் இரண்டாம் உலகப்போரில் தானாகவே படையில் சேவை செய்ய முன்வந்தார், ஆனால் துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்றார். மருத்துவ உதவியாளராகப் போய், ஒகினாவாவில் செங்குத்தான பாறை முகட்டிலிருந்து சுமார் 75 காயம்பட்டவர்களைக் கயிறு கட்டி இறக்கினார். நாட்டின் மிக உயர்ந்த ராணுவ விருது கிடைத்தது. ஹ்யூ தாம்சன் என்ற ஹெலிகாப்டர் விமானி 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில், தன் நாட்டுப் படையினர் ஊர்மக்களைக் கொன்றுகொண்டிருப்பதைப் பார்த்து, அவர்களுக்கும் மக்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். நம்மவர்கள் இந்த மக்களைச் சுட்டால் நீங்கள் நம்மவர்களைச் சுடுங்கள் என்று தன் குழுவினரிடம் சொன்னார். ஊர் திரும்பியபின் அவருக்கு வசைதான் கிடைத்தது. அந்தச் செயலுக்கு உரிய விருது வர முப்பது ஆண்டுகள் ஆயின. இவர்களில் யாரைப் படைக்குத் துரோகி என்று சொல்வது?

உங்கள் நிலைமைக்கு இவர்களைவிடப் பொருத்தம் நான்கு பெண்கள். 1997 பிப்ரவரி 4 அன்று, லெபனானுக்குப் போய்க்கொண்டிருந்த இஸ்ரேலிய ராணுவ ஹெலிகாப்டர்கள் இரண்டு மோதி 73 வீரர்கள் இறந்தார்கள். தெற்கு லெபனானில் இஸ்ரேலியப் படை அப்போது பல ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தது, ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே மகன்கள் பணியாற்றிக்கொண்டிருந்த தாய்மார்கள் நால்வர் கேட்கத் தொடங்கினார்கள். நால்வரில் தொடங்கியதால் ‘நான்கு தாய்மார்கள்’ என்றே இயக்கத்துக்குப் பெயர். முச்சந்திகளில் பதாகையோடு நின்றார்கள், அமைச்சர்களையும் தளபதிகளையும் போய்ப் பார்த்தார்கள். அடுப்படியில் இருப்பவர்களுக்குப் போர்த்தந்திரம் என்ன தெரியும் என்ற ஏளனமும், மகன்களின் மனத்தெம்பைக் கெடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் வந்தன. மகன்களிடம் பணியை விட்டு வா என்று அவர்கள் சொல்லவில்லை. அரசிடம்தான் சொன்னார்கள். 2000 மே மாதம் படை திரும்பியது. அந்த வெளியேற்றம் எதிரியைப் பலப்படுத்திவிட்டது என்று வாதிடுபவர்கள் அந்த நாட்டில் இன்றும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தாய்மார்கள் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்தார்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

காரணத்தில் சந்தேகம் என்றால் அதை வெளிப்படையாக, உங்கள் பெயரில், உங்கள் பிரதிநிதியிடம் கேளுங்கள். தம்பியின் பிரிவுக்குச் சரியான தளவாடம் போகிறதா என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள். தம்பியிடம் போனில் பேசும்போது இதையெல்லாம் கொட்ட வேண்டுமா என்றால், நானாக இருந்தால் கொட்ட மாட்டேன். அங்கே அவனுக்கு அன்றன்றைக்குப் பார்க்க வேண்டிய வேலை இருக்கிறது. விடுப்பில் வரும்போது அவனாகப் பேச்செடுத்தால் உட்கார்ந்து பேசுங்கள். உங்களைவிடக் கடுமையான கேள்விகள் அவனிடம் இருந்தாலும் இருக்கலாம்.